மோர் மிளகாயும் மூன்று நானோமீட்டர் தங்கமும்

பெட்டியின் மூடியைத் திறந்ததும் ஆவுடைநாயகிக்கு முதலில் வந்தது மோர் மிளகாய் வாசனை. சோதனைக் கூடத்தில் அந்த வாசனைக்கு வேலையே இல்லை. மதியச் சாப்பாட்டின் மிச்சம் கையில் ஒட்டியிருக்கிறதோ என்று கையுறையைக் கழற்றி விரல்களை முகர்ந்து பார்த்தாள். அன்று அவள் சாப்பிட்டது சப்பாத்தி. பெட்டிக்குள் மறுபடியும் குனிந்து மூச்சை இழுத்தாள். சந்தேகமே இல்லை, மோர் மிளகாய்தான். மேல் வலையில் இரண்டு விதைகூட ஒட்டியிருந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நிலக்கரியை வாயுவாக்கும் ஆலை எங்கே இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. மூச்சோடு உள்ளே போய், இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். லேசாகத் தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான், ஆள் காலி. அதனால் ஒரு காலத்தில் இந்த மாதிரி ஆலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் வெற்று நிலம் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. பிறகு இந்தப் பெட்டி வந்தது. உள்ளே சுட்ட மண்ணாலான, நுண்துளைகள் நிறைந்த ஓர் ஓட்டுக்கட்டி, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத தங்கப் பொடி. காற்று அதன் வழியே போனால் போதும், நச்சுவாயு அங்கேயே ஆக்சிஜனோடு சேர்ந்து சாதாரணக் கரியமில வாயுவாகிவிடும். தனியாகச் சூடுபடுத்தக்கூட வேண்டாம்.

சமையல்கட்டுச் சுவரில் பெட்டியை மாட்டினால் வீடு பத்திரம் என்றார்கள். பத்திரம் என்றால் மூன்று கிலோமீட்டர் நிலம் ஏன் சும்மா கிடக்கிறது என்று அடுத்த கேள்வி வந்தது. சட்டத்தை எடுத்தார்கள். தெற்குக் கடற்கரையில் சங்குமேடு என்ற ஊரில் ஆலையின் மதிலை ஒட்டியே இருநூற்றுப் பதினாறு வீடுகள் எழும்பின. முன்னால் மதில், பின்னால் கடல். வேலைக்கு நடந்தே போகலாம் என்று சனங்களுக்கும் சந்தோஷம்தான். முதல் வருடம் வீட்டுக்கு வீடு அலாரம் இருந்தது. தாளித்தால் கத்தியது, சாம்பிராணி போட்டால் கத்தியது. குடியிருப்போரே மனுக் கொடுத்து அதைக் கழற்றச் சொன்னார்கள். ஆலையும் கேட்டதுதான் சாக்கு என்று கழற்றிவிட்டது. பெட்டியில் எரியும் பச்சை விளக்கு போதும் என்று முடிவாயிற்று. அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளே விசிறி சுற்றுகிறது என்ற ஒரே ஒரு சங்கதிதான்.

பெட்டிக்குத் தரச்சான்று கொடுத்தது ஆவுடைநாயகி வேலை பார்க்கும் மையம். ஆறு வருடத்துக்கு முன் அந்தச் சோதனையைச் செய்து, அடியில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். முந்நூறு டிகிரி சூட்டிலும் தங்கத் துகள்கள் இருந்த இடத்தை விட்டு அசையாது, ஒன்றோடொன்று ஒட்டாது என்று அந்தச் சான்றில் எழுதியிருந்தது. அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் போன வாரம் வியாழக்கிழமை காலையில் அடிபட்டது.

அன்று பேச்சிமுத்து என்ற ஆலைத் தொழிலாளி இராத்திரி ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, பழைய சோறு சாப்பிட்டு, வெக்கைக்குப் பயந்து கதவு சன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார். மனைவி இசக்கியம்மாள் ஆலைக் கேன்டீனில் வேலைக்குப் போயிருந்தாள். மதியம் திரும்பி வந்து தட்டினால் எழுந்திருக்கவில்லை. அன்று காற்று வீசவில்லை, குழாய் இணைப்பு ஒன்றில் வழக்கத்தைவிடக் கசிவு அதிகம். அந்த வரிசையில் நாலைந்து பேருக்குத் தலைவலி இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அவர்கள் வீட்டில் பெட்டி அரைகுறையாகவாவது உழைத்திருக்கிறது. பேச்சிமுத்துவின் வீட்டில் உழைக்கவே இல்லை. பச்சை விளக்கு மட்டும் கடைசி வரை எரிந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டிலிருந்து கழற்றி வந்த பெட்டிதான் இது. அதன் ஓட்டுக்கட்டியில் ஒரு துண்டை ஆவுடைநாயகி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். தங்கத் துகள் ஒவ்வொன்றும் மூன்று நானோமீட்டர் இருக்க வேண்டும். ஒரு தலைமுடியின் குறுக்கே இருபதாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம், அத்தனை சின்னது. திரையில் தெரிந்தவை இருபத்தைந்து, முப்பது நானோமீட்டர் உருண்டைகள். அதோடு எங்கு பார்த்தாலும் குளோரின். சாப்பாட்டு உப்பில் இருக்கும் அதே குளோரின்.

மறுநாள் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி செல்வின் மையத்துக்கே வந்துவிட்டார். தன்மையான மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். தான் வேதியியல் படித்து இருபது வருடமாயிற்று, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

"தங்கம் சாதாரணமா எதோடவும் சேராது சார். அதனாலதான் நகை கறுக்காம இருக்கு. மூணு நானோமீட்டர் அளவுக்குப் பொடிச்சாத்தான் அது வாயுவைப் பிடிச்சு வேலை செய்யும். துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பெருசாயிட்டா மறுபடியும் வெறும் நகைதான்."

"எதனால ஒட்டுது?"

"சூட்டால ஒட்டும். ஆனா அதுக்கு முந்நூறு டிகிரி தாண்டணும். இந்தப் பெட்டி எண்பதைத் தாண்டியிருக்காது. நச்சுவாயு மாறும்போது வர்ற சூடு மட்டுந்தான் அதுல."

"பின்ன எப்படி?"

"உப்பு சார். உப்புல இருக்கிற குளோரின், ஓட்டுமேல தங்கத்துக்கு இருக்கிற பிடியைத் தளர்த்திடும். பிடி தளர்ந்துட்டா எண்பது டிகிரியே ஜாஸ்தி. துகள் நகர ஆரம்பிச்சிடும்."

உப்பு என்றதும் செல்வினின் முகம் ஒரு கணம் சுண்டிப்போனது. அந்த வீட்டம்மாவுக்காக வருந்துகிறார் என்றுதான் ஆவுடைநாயகி நினைத்தாள். மிளகாய் விதைகளைக் காட்டி, பெட்டியின் மேல் மோர் மிளகாய் காயப்போட்டிருக்கிறார்கள், உப்புத் தூள் காற்றோடு உள்ளே போயிருக்கிறது என்று சொன்னாள். செல்வின் விதைகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு ஒரு யோசனை சொன்னார். பெட்டி மேல் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது என்று குடியிருப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது. மிளகாய் என்று எழுதினால் அந்தம்மாவுக்கு ஆலையிலிருந்து ஒன்றும் கிடைக்காது, வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும், போதாததற்குப் புருஷனைக் கொன்றவள் என்ற பேர். இந்த ஒரு பெட்டியில் மட்டும் தயாரிப்புக் குறை என்று எழுதிவிட்டால் வீடு அவளிடமே இருக்கும், நர்சிங் படிக்கும் மகளுக்குப் படிப்பு முடிந்ததும் ஆலை ஆஸ்பத்திரியில் வேலை. அவரே முன்னின்று முடித்துத் தருவதாகச் சொன்னார்.

"மத்த இருநூத்திப் பதினஞ்சு பெட்டி சார்?"

"ஒரு பெட்டில குறைன்னா மத்ததை ஏன் மேடம் திறக்கணும்? எல்லாத்துலயும் பச்சை எரியுதே."

அவர் போன பிறகு ஆவுடைநாயகி இரண்டு பக்கத்தையும் எடைபோட்டுப் பார்த்தாள். பொய் எழுதினால் ஒரு விதவைக்கு வீடும் மானமும் மிஞ்சும். உண்மை எழுதினால் மற்ற வீடுகளின் பெட்டிகளைத் திறந்து பார்க்க வழி பிறக்கும், ஆனால் அந்தப் பெண்ணின் தலையில் புருஷன் சாவை ஏற்றி வைத்தாக வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் தன் மனசு தன்னைச் சும்மா விடாது என்று அவளுக்குத் தெரிந்தது. சரி, மற்ற வீடுகளில் யாராவது மிளகாய் காயப்போடுகிறார்களா என்றாவது பார்ப்போம் என்று சங்குமேட்டுக்குக் கிளம்பினாள். ஒருவர் வீட்டிலும் காயவில்லை என்றால் செல்வின் சொன்னதையே எழுதிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

சங்குமேட்டுக் குடியிருப்பில் இறங்கியதும் பெட்டி மேல் ஏன் காயப்போடுகிறார்கள் என்பது விளங்கிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது, ஆனால் வெளியில் ஒரு துணிகூடக் காயவில்லை. ஆலையின் கரித்தூள் எல்லாவற்றின் மேலும் மெல்லிசாகப் படிந்திருந்தது. அவள் சுடிதாரின் தோள்பட்டை அரை மணியில் கறுத்துவிட்டது. முதல் வரிசையில் பதினான்கு வீடுகள். சமையல்கட்டு சன்னல்கள் வழியாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பதினோரு வீட்டில் பெட்டி மேல் சுளகு இருந்தது. சுளகில் மிளகாய், சுண்டைக்காய், ஒரு வீட்டில் நெத்திலிக் கருவாடு. நப்பாசை அங்கேயே போய்விட்டது.

இசக்கியம்மாளின் வீட்டில் பெட்டியைக் கழற்றிய இடம் சுவரில் வெள்ளையாகத் தெரிந்தது. அவளுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். பக்கத்து வீட்டு மாடத்தி கொண்டுவந்து வைத்த சோறு தட்டில் அப்படியே ஆறிக் கிடந்தது. மகள் முத்துக்கனி அப்பாவின் இறப்புச் சான்றிதழ் விஷயமாக ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தாள். ஆவுடைநாயகி தன்னை யார் என்று சொல்லி, பெட்டியைச் சோதிக்கிறவள் என்றும் சொன்னாள். அவள் பேச்சு தானாகவே பிறந்த ஊரான அம்பாசமுத்திரத்து வழக்குக்குத் திரும்பிவிட்டது.

"அந்தப் பெட்டி மேல மிளகா காயப்போடுவியா இசக்கி?"

"ஆமா மேடம், எல்லாரும் போடுததுதான். வெளிய வச்சா கரி அப்பிரும். பெட்டி மேலன்னா ரெண்டு நாள்ல கலகலன்னு காஞ்சிரும். பகல்ல காயவச்சு, சாயந்தரம் திரும்ப மோர்ல போட்டு, மறுநா எடுத்துக் காயவைப்பேன். அவுகளுக்கு மோர் மொளகா இல்லாம பழைய சோறு எறங்காது." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "ஏன் கேக்கீய?"

ஆவுடைநாயகி தட்டில் ஆறிக் கிடந்த சோற்றைப் பார்த்தாள். சும்மாதான் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். வாய் வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் மாடத்தியின் கைக்குழந்தை அழுதது. அந்த வீட்டுப் பெட்டி மேலும் சுளகு இருந்ததை ஐந்து நிமிடத்துக்கு முன்தான் அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

சொன்னாள். ரசத்தின் மேல் பொட்டுப் பொட்டாக எண்ணெய் மிதக்குமே, கொதிக்கக் கொதிக்க ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய வட்டமாகிவிடுமே, அது மாதிரி பெட்டிக்குள் இருக்கும் தங்கப் பொடி சேர்ந்துபோய்விட்டது, உப்பு பட்டதால் சேர்ந்தது, சேர்ந்த பிறகு அதற்கு விஷக்காற்றைப் பிடிக்கத் தெரியாது என்று, முடிந்தவரை மெதுவாகச் சொன்னாள். பெட்டி மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கை தமிழைத் தவிர மற்ற இரண்டு மொழிகளில் இருந்தது, உன் மேல் தப்பில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள். பின்பாதி இசக்கியம்மாளின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"நானா மேடம்? நானா அவுகளக் கொன்னேன்?"

அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையை ஆவுடைநாயகியால் பார்க்க முடியவில்லை. நெஞ்சில் அறைந்துகொண்டாள். ஆசையாகச் செய்து போட்டேனே, ஆசையாகச் செய்து போட்டேனே என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். ஆவுடைநாயகி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, இதைச் சொல்லாமலே போயிருக்கலாமே, நம் வாயில் மண்ணைப் போட என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அரை மணி நேரம் போயிருக்கும். இசக்கியம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"மாடத்தி வீட்லயும் காயுதே."

"ஆமா."

"எல்லார் வீட்லயுந்தான் காயுது. நீங்க இத எழுதி, அவுக படிச்சு, ஆர்டர் போட்டுப் பெட்டிய மாத்த எத்தன நாளாவும்?"

"ஒரு மாசம் ஆகலாம். கூடவும் ஆகலாம்."

இசக்கியம்மாள் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரே மாடத்தி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஏளா மாடத்தி, எங்க வீட்டு மனுசனக் கொன்னது நான்தான். பெட்டி மேல மொளகா காயப்போட்டே கொன்னுட்டேன். நீயும் அதத்தான் செஞ்சிக்கிட்டிருக்க. புள்ளையத் தூக்கிட்டு வெளிய வா."

அடுத்த வீட்டில் அதையே சொன்னாள். அதற்கடுத்த வீட்டிலும் அதையே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று சிலர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் திறக்கும் வரை வெயிலில் நின்றாள். மூன்றாம் வரிசையில் பேச்சிமுத்துவின் பெரியம்மா முறை ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். இசக்கியம்மாள் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடந்தாள். ஆவுடைநாயகி பின்னாலேயே போய், கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொல்வது உண்மை என்று சொன்னாள். படித்தவள் சொல்கிறாள் என்பதற்காக யாரும் வெளியே வந்த மாதிரி தெரியவில்லை. புருஷனைக் கொன்றதாகத் தன் வாயால் ஒருத்தி சொல்லும்போது அதைப் பொய் என்று யாராலும் தள்ள முடியவில்லை, அதுதான் விஷயம். பொழுது சாய்வதற்குள் இருநூற்றுப் பதினைந்து வீட்டுச் சனங்களும் பாயையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு ஆலையைத் தாண்டி ரொம்பத் தூரத்தில் இருந்த புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட்டார்கள்.

செல்வின் வந்தபோது வீடுகள் காலியாகக் கிடந்தன. அப்போதும் அவர் அதிர்ந்து பேசவில்லை. ஆனால் நெற்றி வியர்த்திருந்தது. பத்திரிகைக்காரர்கள் வேறு வந்துவிட்டதால் பெட்டிகளைத் திறக்க மாட்டேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆவுடைநாயகி பன்னிரண்டு பெட்டிகளைப் பொறுக்கி எடுத்தாள். மிளகாய் காயப்போட்ட வீடுகள் ஆறு, காயப்போடாத வீடுகள் ஐந்து, குடியிருப்புக் கணக்கில் சேராமல் கடற்கரைப் பக்கம் பூட்டியே கிடந்த ஆலை விருந்தினர் வீடு ஒன்று. அந்த வீட்டில் இரண்டு வருடமாக அடுப்பே பற்றவைக்கவில்லை. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க உப்பு படாத நல்ல பெட்டி ஒன்று வேண்டுமே என்றுதான் அதையும் சேர்த்துக்கொண்டாள்.

மூன்று நாள் சோதனை. மிளகாய் காய்ந்த வீட்டுப் பெட்டிகளில் துகள்கள் பதினெட்டு முதல் இருபத்தெட்டு நானோமீட்டர். எதிர்பார்த்ததுதான். காயப்போடாத ஐந்து வீடுகளில் பதினாறு முதல் இருபத்தாறு. அவள் நெற்றியைச் சுருக்கினாள். கடைசியாகப் பூட்டிக் கிடந்த வீட்டுப் பெட்டியை வைத்தாள். இருபத்தேழு. எங்கு பார்த்தாலும் குளோரின்.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். அந்த வீட்டுக்கும் மிளகாய்க்கும் சம்பந்தமே இல்லை. அங்கே போனது கடற்காற்று ஒன்றுதான். இருநூற்றுப் பதினாறு வீடுகளும் கடலை ஒட்டித்தான் நிற்கின்றன. மாட்டிய நாளிலிருந்து இராப்பகலாக உப்புக் காற்றைத்தான் அந்தப் பெட்டிகள் குடித்திருக்கின்றன. இசக்கியம்மாளின் மிளகாய் அதில் ஒரு சிட்டிகை சேர்த்திருக்கலாம், சேர்க்காமலும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல எந்தக் கருவியும் கிடையாது. சேர்க்காவிட்டாலும் அந்தப் பெட்டி செத்துத்தான் இருக்கும். உப்பு என்றதும் செல்வினின் முகம் ஏன் சுண்டியது என்று இப்போது புரிந்தது. அவருக்கு அன்றைக்கே கணக்குப் போடத் தெரிந்திருக்கிறது. கடலோரம் இந்த ஒரு ஆலை மட்டுமா இருக்கிறது?

கடலோரத்தில் வைக்கும் கருவியை உப்புக்காற்றில் வைத்துச் சோதிக்காமலா சான்று கொடுத்தோம்? அவள் போய்ப் பழைய கோப்பை எடுத்தாள். சோதனைத் தாளில் பதினேழாவது வரி: உப்புக்காற்று அறையில் ஐந்நூறு மணி நேரம். அதற்கு நேரே, 'தேவையில்லை, வீட்டுக்குள் வைக்கும் கருவி' என்று எழுதியிருந்தது. கையெழுத்து அவளுடையது.

அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவுக்கு வந்தது. உப்பு அறை கார் பாகங்களுக்காக இரண்டு மாதம் முன்பதிவாகியிருந்தது உண்மைதான். சட்டத்தை எடுக்கும் தேதி நெருங்கிவிட்டது, மேலே அவசரப்பட்டார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் யாரும் அவள் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. வீட்டுக்குள் உப்புக்காற்று எங்கே வரப்போகிறது என்று அவளுக்கே அது சரியாகப் பட்டது. எழுதிவிட்டு டீ குடிக்கப் போனாள். அவ்வளவு லேசாக நடந்த காரியம் அது. இப்போது நினைத்தால் அந்த லேசுதான் அவளைக் கொன்றது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சங்குமேட்டுக்குப் போனாள். புயல் மையத்தின் பெரிய கூடத்தில் குடும்பத்துக்கு ஒரு பாய் என்று விரித்துச் சனங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். இசக்கியம்மாளின் பாய் மட்டும் கழிப்பறைப் பக்கம் தனியாக, சுற்றி நாலடி இடைவெளியோடு கிடந்தது. உயிரைக் காப்பாற்றியவள் என்று அவளுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. புருஷனைக் கொன்றவள் கையால் பரிமாறக் கூடாது என்று சமையல் வேலையில்கூட அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லையாம். முத்துக்கனி அம்மாவிடம் பேசி இரண்டு நாளாகிறது. சன்னலோரம் வேறு யாரோ வீட்டுப் பாயில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆவுடைநாயகி இசக்கியம்மாளின் எதிரே தரையில் உட்கார்ந்து, பூட்டிக் கிடந்த வீட்டுப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். மிளகாய் படாத பெட்டிகளும் செத்துக் கிடப்பதைச் சொன்னாள். கடற்காற்று என்றாள். இசக்கியம்மாள் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் கொல்லலியா?"

"நீ கொல்லல. நீ மிளகா போடலன்னாலும் அந்தப் பெட்டி அப்படித்தான் ஆயிருக்கும்."

இசக்கியம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தாள்.

"அப்ப யாரு?"

கடல் என்று சொல்லலாம். ஆலை என்று சொல்லலாம், சட்டத்தை எடுத்தவர்கள் என்று சொல்லலாம். ஒன்றும் பொய்யில்லை. பஸ்ஸில் வரும்போது மூன்றையும் அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"நான்தான் இசக்கி. உப்புக்காத்துல வச்சுப் பாக்கணும்னு தாள்ல ஒரு வரி இருந்துச்சு. தேவையில்லன்னு எழுதினது நான். பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். மூணு கிலோமீட்டரும் அப்படியே இருந்திருக்கும்."

இசக்கியம்மாள் அவளை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. அறைந்தால் வாங்கிக்கொள்வோம் என்றுதான் ஆவுடைநாயகி உட்கார்ந்திருந்தாள்.

"இத என்ன செய்யப் போறீய?"

"அறிக்கைல முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன். நாளைக்கு அரசாங்கத்துக்குப் போயிரும். என் வேலை போகும். போகட்டும்."

"அறிக்கைய இங்க யாரு படிப்பா?" இசக்கியம்மாள் சன்னலோரம் உட்கார்ந்திருந்த மகளை ஒரு முறை பார்த்தாள். "நான் வாசல் வாசலாப் போய்ச் சொன்னேன் யக்கா. இருநூத்திப் பதினஞ்சு வாசல். ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்து, நான்தான் கொன்னேன்னு சொன்னேன். நீங்க பின்னாலயேதான வந்தீய. நீங்களும் அப்படிச் சொல்லுங்க. மைக்குல வேண்டாம்."

ஆவுடைநாயகி கூடத்தைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாய்கள், பாய்களின் மேல் சாப்பிடுகிறவர்கள், சீட்டாடுகிறவர்கள், கால் நீட்டிப் படுத்திருப்பவர்கள். முத்துக்கனியிடம்தான் முதலில் போக வேண்டும் என்று நினைத்தாள், தைரியம் வரவில்லை. வாசலை ஒட்டிய முதல் பாயில் மாடத்தி குழந்தைக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆவுடைநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பாயருகே போய்க் குனிந்தாள்.

பெட்டியைச் சரிபண்ணியாயிற்று, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வந்திருக்கிறாள் என நினைத்து, மாடத்தி சிரித்த முகத்தோடு தட்டை நகர்த்திவிட்டு அவளுக்கு உட்கார இடம் கொடுத்தாள்.